பிளாட்பாரத்தில் இருக்கும் குடும்பம், மூன்று பிள்ளைகள்: படிப்பு விட்டுப்போகாமல் இருக்க என்ன செய்யலாம்?

மாலைவகுப்பு_அக்கா | ஜூன் 9, இரவு 9.20

வணக்கம். சென்னையில் என்.எஸ்.சி. போஸ் சாலையை ஒட்டிய ஒரு தெருவில் சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறோம், நாங்கள் நாலைந்து பேர். அங்கே தாத்தா காலத்திலிருந்தே பிளாட்பாரத்தில் குடியிருக்கும் ஒரு குடும்பம். அம்மா பூ கட்டுகிறார், அப்பா மீன்பாடி வண்டி (சரக்கு ஏற்றும் மூன்று சக்கர வண்டி) ஓட்டுகிறார். பெரியவள் இந்த வருடம் பத்தாம் வகுப்பு. நடுவில் பையன், பன்னிரண்டு வயது. கடைக்குட்டிக்கு ஐந்து முடிந்துவிட்டது.

மழைநீர் வடிகால் வேலைக்குத் தெருவைத் தோண்டியதில் அவர்கள் படுக்கும் இடமே போய்விட்டது. இப்போது கொருக்குப்பேட்டையில் உறவுக்காரர் வீட்டு வாசலில் தார்பாய் கட்டி இருக்கிறார்கள். பள்ளி திறந்தும் பையன் போகவில்லை. பக்கத்தில் இருக்கும் பள்ளியில் சேர்க்கப் போனால் டி.சி. எங்கே, ஆதார் எங்கே, முகவரிச் சான்று எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடைக்குட்டியிடம் பிறப்புச் சான்றிதழ்கூட இல்லை.

தெரிந்தவர்களிடம் கேட்டால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "மூணு பேரையும் ஹோம்ல சேத்துடுங்க." அம்மாவுக்கு அதில் துளியும் விருப்பமில்லை. எனக்கும் மனசு ஒப்பவில்லை. குடும்பத்தைப் பிரிக்காமல், படிப்பும் போகாமல் பார்த்துக்கொள்ள வழி இருக்கிறதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


ஓய்வுபெற்ற_எச்எம் | ஜூன் 9, இரவு 10.05

அம்மா, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பையனுக்குப் பள்ளியை மாற்றாதீர்கள். டி.சி. கேட்கவும் கேட்காதீர்கள். பழைய பள்ளியில் அவன் பெயர் வருகைப் பதிவேட்டிலும், எமிஸ் என்ற கணினி மாணவர் பதிவிலும் இருக்கும். நாளைக்கே அவன் போய் வகுப்பில் உட்காரலாம், யாரும் எந்தத் தாளும் கேட்க முடியாது. கொருக்குப்பேட்டையிலிருந்து பஸ் இருக்கிறது, பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டணம் கிடையாது, சீருடை போட்டிருந்தாலே போதும். தெரிந்த டீச்சர், தெரிந்த நண்பர்கள் என்று அந்தப் பையனுக்கு இப்போது மாறாமல் இருப்பது பள்ளி மட்டும்தான். அதையும் மாற்றினால் பிள்ளை நின்றுவிடுவான். நான் வேலை பார்த்த பள்ளியில் இப்படி நின்றுபோன பிள்ளைகள் நிறையப் பேர்.

கடைக்குட்டியையும் அண்ணன் படிக்கும் பள்ளியிலேயே ஒன்றாம் வகுப்பில் சேருங்கள். அண்ணனோடு போய் அண்ணனோடு வரும். ஒன்று முதல் ஐந்து வரை காலைச் சிற்றுண்டி உண்டு, மதியம் சத்துணவு உண்டு. காலையில் அடுப்பு மூட்ட இடமில்லாத வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொன்று ஆசிரியர்களுக்காகச் சொல்கிறேன். பிளாட்பாரத்துப் பிள்ளை வகுப்பில் தூங்கினால் தயவுசெய்து திட்டாதீர்கள். பாரிமுனைப் பக்கம் கடை ஷட்டர் இறங்கிய பிறகுதான் அந்த வாசலில் பாய் விரிக்க முடியும், அதற்குள் மணி பத்தரை ஆகிவிடும். விடிவதற்குள் லோடு வண்டி வந்துவிடும், எழுந்தாக வேண்டும். நடுவில் கொசு, குடிகாரர் சத்தம், ரோந்து போலீஸ். வளர்கிற பிள்ளைக்கு அந்தத் தூக்கம் எப்படிப் போதும்? எங்கள் பள்ளியில் ஒரு டீச்சர் முதல் பீரியடில் அப்படிப்பட்ட இரண்டு பிள்ளைகளைக் கடைசி பெஞ்சில் படுக்க விடுவார், பிறகு மதிய இடைவேளையில் கணக்கு சொல்லித் தருவார். இரண்டு பேரும் எட்டாவது தாண்டினார்கள்.


கேள்விக்குறி | ஜூன் 9, இரவு 10.40

எல்லோரும் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, என் மனதில் படுவதைச் சொல்கிறேன். ஹோம் வேண்டாம் என்பது அம்மாவின் பாசம், புரிகிறது. ஆனால் பதினைந்து வயதுப் பெண் தெருவில் படுக்கிறாள். இரவு என்ன வேண்டுமானாலும் நடக்கலாம். நல்ல ஹாஸ்டலில் மூன்று வேளைச் சாப்பாடு, மேல் கூரை, கதவுள்ள குளியலறை, படிக்க மேசை எல்லாம் கிடைக்கும். என் சொந்தக்காரர் ஒருவர் விடுதிக் காப்பாளராக இருந்தார். அங்கே படித்து நர்ஸ் ஆன பெண்களை நானே பார்த்திருக்கிறேன். பிள்ளையின் பாதுகாப்பைவிடக் குடும்பம் சேர்ந்திருப்பது முக்கியமா? இதற்கு யாராவது நேராகப் பதில் சொல்லுங்கள்.


யானைக்கவுனி_பையன் | ஜூன் 9, இரவு 11.55

நான் சொல்கிறேன் அண்ணா. நான் வால்டாக்ஸ் சாலைப் பிளாட்பாரத்தில் பிறந்து வளர்ந்தவன். இப்போது ஐ.டி.ஐ. முடித்து ஏ.சி. மெக்கானிக் வேலை பார்க்கிறேன், வியாசர்பாடியில் வாடகை வீடு.

எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது தெருவில் சுற்றும் பிள்ளைகள் என்று எங்களை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கம்மா பத்தடி தள்ளி டீ வாங்கப் போயிருந்தது. என்னை ஒரு ஹோமில் விட்டார்கள், தங்கச்சியை வேறொரு ஹோமில். அம்மா கையில் எந்தக் காகிதமும் இல்லாததால் நாங்கள் அதன் பிள்ளைகள்தான் என்று நிரூபிக்க அலைந்து திரிந்தது. சாப்பாடு நேரத்துக்குக் கிடைத்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் தங்கச்சி எங்கே இருக்கிறாள் என்று யாரும் சொல்லவில்லை. ராத்திரி அதையே நினைத்துக்கொண்டு கிடப்பேன். புத்தகம் எப்படி ஏறும்? சுவரேறிக் குதித்து ஓடிவந்துவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு வருடம் பள்ளிப் பக்கமே போகவில்லை, வேன் வந்துவிடுமோ என்ற பயம்.

எனக்கு அப்போது வேண்டியிருந்தது பெரிதாக ஒன்றுமில்லை. பை வைக்க ஓரிடம். நாங்கள் பையை பிளாஸ்டிக் கவரில் சுற்றி, தெருமுனையில் இருந்த கரண்டு பெட்டிக்குப் பின்னால் செருகி வைப்போம். காலையில் குப்பை லாரி வந்தால் பாயோடு பையையும் அள்ளிப் போட்டுவிடுவார்கள். புத்தகம் இல்லாமல் போனால் டீச்சரிடம் அடி, அதனால் அன்றைக்கு லீவு. இப்படியே லீவு வாரமாகிவிடும். ஒரு ஸ்டேஷனரி கடை அண்ணாச்சி "பையைக் கடையில வச்சிட்டுப் போ தம்பி" என்று சொன்ன நாளிலிருந்துதான் நான் ஒழுங்காகப் பள்ளிக்குப் போனேன். இன்றைக்கும் தீபாவளிக்கு அவரைப் போய்ப் பார்ப்பேன்.

அக்கா, அந்தப் பையனின் பை எங்கே இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.


வழக்கறிஞர்_எழும்பூர் | ஜூன் 10, காலை 7.30

தம்பி எழுதியதைப் படித்துவிட்டு உடனே எழுதுகிறேன்.

சட்டம் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து எடுக்கச் சொல்லவில்லை. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில், வீடும் பிழைக்க வழியும் இல்லாத பிள்ளை "பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை" என்று வருவது உண்மைதான். ஆனால் அதே சட்டத்தின் மூன்றாவது பிரிவு, பிள்ளையை வளர்க்கும் முதல் பொறுப்பு குடும்பத்துக்குத்தான், இல்லத்தில் வைப்பது கடைசி வழி என்று தெளிவாகச் சொல்கிறது. 2009 டிசம்பரில் ஐ.நா. பொதுச் சபை ஏற்றுக்கொண்ட வழிகாட்டு நெறிகளும், வறுமை ஒன்றை மட்டும் காரணமாகக் காட்டிப் பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்கின்றன. அடிப்பது, விற்பது, பாலியல் கொடுமை என்று இருந்தால் அது வேறு. அப்போது குழந்தைகள் உதவி எண் 1098க்கு உடனே கூப்பிட வேண்டும், ஒரு நிமிடம்கூட யோசிக்கக் கூடாது.

பள்ளி விஷயத்துக்கு வருகிறேன். 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 14ஆவது பிரிவின்படி, வயதுச் சான்று இல்லை என்று எந்தப் பிள்ளைக்கும் சேர்க்கை மறுக்க முடியாது. பிறப்புச் சான்றிதழ் இல்லையென்றால் மருத்துவமனைப் பதிவேடு, அங்கன்வாடிப் பதிவேடு, அதுவும் இல்லையென்றால் பெற்றோர் எழுதித் தரும் உறுதிமொழியே போதும். டி.சி. வரத் தாமதமானாலும் சேர்க்கையைத் தள்ளிப்போடக் கூடாது என்று 5ஆவது பிரிவு சொல்கிறது. ஆதாரும் அப்படித்தான்: பள்ளிச் சேர்க்கைக்கு அது கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் தீர்ப்பு சொல்லிவிட்டது. உங்களைத் திருப்பி அனுப்பிய பள்ளி செய்தது சட்டப்படி தவறு. கையில் ஒரு மனுவோடு போங்கள், எதிரே இருப்பவர் பேச்சு மாறிவிடும். மறுத்தால் மறுத்ததை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

பணம் பற்றி ஒன்று. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் பிள்ளை குடும்பத்தோடேயே இருந்து படிக்க மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகை உண்டு. வீடில்லாத பிள்ளைகளும் அதற்குத் தகுதியானவர்களே. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும், குழந்தைகள் நலக் குழுமம் பார்த்து முடிவெடுக்கும். ஒதுக்கீடு குறைவு, காத்திருக்க வேண்டிவரும். ஆனாலும் மனு போட்டு வையுங்கள்.


கேள்விக்குறி | ஜூன் 10, காலை 8.15

தம்பி, உங்கள் பதிவைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். தங்கச்சி இப்போது உங்களோடு இருக்கிறாரா?

வழக்கறிஞர் சொன்ன சட்டம் சரி. ஆனால் என் கேள்வி இரவைப் பற்றியது. சட்டப் பிரிவை வைத்துக்கொண்டு அந்தப் பெண் நிம்மதியாகத் தூங்க முடியாது. மாநகராட்சிக் காப்பகங்கள் இருக்கின்றனவே, அங்கே போகலாமே?


யானைக்கவுனி_பையன் | ஜூன் 10, காலை 8.40

இருக்கிறாள் அண்ணா. கல்யாணமாகி மூலக்கொத்தளத்தில் இருக்கிறாள். அவளால் ஐந்தாவதுக்கு மேல் படிக்க முடியவில்லை.


வழக்கறிஞர்_எழும்பூர் | ஜூன் 10, காலை 9.10

காப்பகம் பற்றி நல்ல கேள்வி. உச்ச நீதிமன்றம் உணவு உரிமை வழக்கில் 2010இல் உத்தரவு போட்ட பிறகுதான் ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஓர் இரவு பகல் காப்பகம் என்ற கணக்கு வந்தது. சென்னையில் மாநகராட்சி இடம் தருகிறது, தொண்டு நிறுவனங்கள் நடத்துகின்றன. ஆனால் பெரும்பாலானவை ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி, மனநலம் குன்றியவர்களுக்குத் தனி. அப்பா, அம்மா, பையன், இரண்டு பெண்கள் என்று ஐந்து பேரும் ஒன்றாகத் தங்கும் இடம் அபூர்வம். காப்பகத்துக்குப் போனால் அப்பா ஓரிடம், அம்மாவும் பெண்களும் ஓரிடம், பன்னிரண்டு வயதுப் பையன் எங்கே என்று இழுபறி. மீன்பாடி வண்டியை எங்கே நிறுத்துவது? அதை விட்டால் வருமானம் போச்சு. அதனால்தான் குடும்பங்கள் போவதில்லை. போக மறுக்கிறார்கள் என்று அதிகாரிகள் எழுதுவதில் இந்தக் காரணம் வருவதே இல்லை. குடும்பக் காப்பகம் வேண்டும் என்று வார்டு கூட்டத்தில் நாம் கேட்க வேண்டும்.


செவிலி_வடசென்னை | ஜூன் 10, பிற்பகல் 2.30

நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கிறேன், அதனால் கடைக்குட்டி பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பிள்ளை எந்த ஆஸ்பத்திரியில் பிறந்தது என்று அம்மாவிடம் கேளுங்கள். அரசு ஆஸ்பத்திரி என்றால் பிறப்பு பதிவாகியே இருக்கும், அம்மா பெயரும் தேதியும் போதும், தேடி எடுத்துவிடலாம். பலர் சான்றிதழே இல்லை என்று சொல்வது, உண்மையில் பெயர் சேர்க்காமல் விட்ட பதிவாக இருக்கும். பதினைந்து வயதுவரை பெயர் சேர்க்கலாம், மண்டல சுகாதார அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். பதிவே ஆகவில்லை என்றால்தான் கோட்டாட்சியர் வரை போக வேண்டிய நீண்ட வேலை. தடுப்பூசி அட்டை இருந்தால் பத்திரமாக வாங்கி ஜெராக்ஸ் எடுத்து நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். மழையில் முதலில் போவது அதுதான்.

பெரிய பெண் பற்றி யாரும் பேசவில்லை. அவள் ஏன் லீவு போடுகிறாள் என்று கேட்டிருக்கிறீர்களா? எங்களிடம் வரும் பிளாட்பாரத்துப் பெண் பிள்ளைகள் சொல்வதைச் சொல்கிறேன். பொதுக் கழிப்பறை ராத்திரி பூட்டிவிடும், காலையில் திறக்கும்போது வரிசை. இருட்டியபின் போகக் கூடாது என்பதற்காகவே சாயங்காலத்துக்குமேல் தண்ணீர் குடிப்பதில்லை, அதனால் சிறுநீர்த் தொற்று. மாதவிடாய் நாட்களில் துணி மாற்ற மறைவிடம் இல்லை, சீருடையில் கறை பட்டால் அலசிக் காயவைக்க இடமில்லை. அந்த மூன்று நாள் பள்ளிக்கு வரமாட்டார்கள். மாதம் மூன்று நாள் போனால் பத்தாவதில் என்ன மிஞ்சும்?

கூடுதலாக ஒரு செட் சீருடை, பள்ளி திறக்கும் முன்பே கழிப்பறையைப் பயன்படுத்த எச்.எம். அனுமதி. இந்த இரண்டும் கிடைத்தால் அவள் வருகை தானாக ஏறும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நாப்கின் இலவசம்தான், என்னிடம் அனுப்புங்கள்.


நியூஜெர்சி_தமிழ் | ஜூன் 10, மாலை 6.50

சூளையில் வளர்ந்தேன், இப்போது அமெரிக்காவில் பள்ளி ஆசிரியை. இங்கே மெக்கின்னி–வென்டோ என்று 1987இல் வந்த சட்டம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பள்ளி மாவட்டத்திலும் வீடில்லாத பிள்ளைகளுக்கென்றே ஓர் ஒருங்கிணைப்பாளர் இருக்க வேண்டும். குடும்பம் வேறு பகுதிக்குப் போனாலும் பிள்ளை பழைய பள்ளியிலேயே படிக்கலாம், போய்வர வண்டி ஏற்பாடு செய்வது கல்வி நிர்வாகத்தின் பொறுப்பு. தாள் இல்லாவிட்டாலும் உடனே வகுப்பில் உட்கார வைத்துவிட்டு, தாளைப் பிறகு அவர்களே தேடுவார்கள். எல்லா இடத்திலும் ஒழுங்காக நடக்கிறது என்று சொல்லமாட்டேன், ஆனால் கேட்க ஓர் ஆள் இருக்கிறார்.

முக்கியமாக, வீடிழந்து உறவினர் வீட்டில் ஒண்டியிருக்கும் பிள்ளையையும் இந்தச் சட்டம் வீடில்லாத பிள்ளை என்றே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. நம் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிப்ரவரி 28ஆம் தேதி இரவு திறந்தவெளியில் படுத்திருந்தவர்களைத்தான் எண்ணினார்கள், நாடு முழுக்க 17.7 லட்சம் பேர் வந்தார்கள். அக்கா சொல்லும் குடும்பம் இப்போது உறவினர் வாசலில் இருப்பதால் எந்தக் கணக்கிலும் வருமா என்று தெரியவில்லை. தலைமையாசிரியர் ஐயா சொன்ன "பள்ளியை மாற்றாதீர்கள்" என்பதைத்தான் இந்தச் சட்டமும் முதலில் சொல்கிறது.


பெரும்பாக்கம்_வாசி | ஜூன் 10, இரவு 8.30

ஆமாம், பள்ளி மாறினால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் ஊரே சாட்சி. கூவம் கரையிலிருந்து எங்களை இங்கே கொண்டுவந்தபோது கல்வியாண்டு பாதியில் இருந்தது. வீடு கிடைத்தது, மாடி வீடு, குறை சொல்லவில்லை. ஆனால் பழைய பள்ளி இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. கொஞ்ச நாள் விடியற்காலையில் எழுந்து பஸ் பிடித்துப் போன பிள்ளைகள், அரையாண்டுத் தேர்வுக்குள் ஒவ்வொருவராக நின்றார்கள். என் அண்ணன் மகன் ஒன்பதாவதோடு நின்று கேட்டரிங் வேலைக்குப் போய்விட்டான். யாரையாவது மறுகுடியமர்த்த வேண்டும் என்றால் முழுஆண்டுத் தேர்வு முடியும்வரை கைவைக்கக் கூடாது. அதை எழுதப்பட்ட விதியாகவே கொண்டுவர வேண்டும் என்று நாங்கள் இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.


மாலைவகுப்பு_அக்கா | ஜூன் 12, இரவு 9.45

எல்லோருக்கும் நன்றி. பையை முதலில் கேட்கச் சொன்ன தம்பிக்குத் தனி நன்றி. பை போன வாரமே நனைந்து போய்விட்டதாம், அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டுதான் அவன் பள்ளிக்குப் போகாமல் இருந்திருக்கிறான். பழைய பள்ளிக்கே நேற்று அழைத்துப் போனேன். வகுப்பாசிரியை ஒரு கேள்வியும் கேட்கவில்லை, "வாடா" என்று தோளைத் தட்டி உள்ளே கூட்டிக்கொண்டு போனார், புத்தகம் அங்கேயே கொடுத்துவிட்டார்கள். இனி பை பள்ளி அலமாரியிலேயே இருக்கும், வீட்டுப் பாடம் எங்கள் மாலை வகுப்பில் முடித்துவிட்டுப் போவான். கடைக்குட்டியை உறுதிமொழிக் கடிதத்தின் பேரில் சேர்த்துக்கொண்டார்கள். சட்டப் பிரிவைச் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. பிறந்த ஆஸ்பத்திரி பெயர் அம்மாவுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, தேடுகிறோம்.

பெரியவள் விஷயம்தான் கஷ்டம். செவிலியக்கா சொன்னது அத்தனையும் உண்மை, தனியாகக் கேட்டபோது அழுதுவிட்டாள். அதோடு வீட்டில் மாப்பிள்ளை பார்க்கும் பேச்சு ஓடுகிறது. "ரோட்ல எவ்ளோ நாள் காவல் காக்குறது" என்கிறார் அப்பா. அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ராத்திரி முழுக்க முழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவர்தான்.


ஓய்வுபெற்ற_எச்எம் | ஜூன் 12, இரவு 10.20

அப்பாவிடம் பேசும்போது சட்டத்தை முதலில் எடுக்காதீர்கள் அம்மா. பதினெட்டு வயதுக்கு முன் கல்யாணம் குற்றம் என்பது அவருக்கும் தெரியும். அவருக்குத் தெரியாதது வேறு. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கிலேயே வரும். மருத்துவம், பொறியியல் படிப்புகளில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது. பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. வழியும் இருக்கிறது. பத்தாவதில் நின்றால் இதெல்லாம் போய்விடும். கல்வி உரிமைச் சட்டம் பதினான்கு வயதோடு, எட்டாவதோடு முடிந்துவிடுகிறது. அதற்குமேல் பிள்ளை நின்றால் ஏன் என்று கேட்கக்கூட ஆள் குறைவு. அதனால் நாம்தான் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.


கேள்விக்குறி | ஜூன் 12, இரவு 10.50

அக்கா, நான் ஆரம்பத்தில் சொன்னதில் ஒரு பாதியை இன்னும் விடமாட்டேன். பெரியவளுக்குப் பரீட்சை முடியும்வரையாவது கதவுள்ள இடம் வேண்டும். ஹோம் வேண்டாம், சரி. அந்தக் குடும்பம் வாடகைக்குப் போகாததற்கு மாத வாடகை காரணமா, அட்வான்ஸ் காரணமா என்று கேட்டுப் பாருங்கள். தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு ரூம் பார்த்துத் தர என்னால் முடியும். அட்வான்ஸுக்கு நாம் நாலு பேர் சேர்ந்தால் முடிந்துவிடும்.


யானைக்கவுனி_பையன் | ஜூன் 12, இரவு 11.10

அட்வான்ஸ்தான் அண்ணா. எங்களுக்கும் அதுதான் நடந்தது. தினம் சம்பாதிக்கும் பணத்தில் வாடகை கொடுத்துவிடலாம், மொத்தமாகத் தொகை சேராது. அதோடு பிளாட்பாரத்து ஆட்கள் என்றால் வீட்டுக்காரர் தரமாட்டார். உங்களைப் போல ஒருவர் கூட வந்து "எனக்குத் தெரிஞ்சவங்க" என்று சொன்னால் தருவார்கள். ஆனால் பூக்கடையிலிருந்து ரொம்பத் தள்ளிப் பார்க்காதீர்கள், அம்மா விடியற்காலையில் பூ எடுக்கப் போக வேண்டும். வண்டி நிறுத்த வாசல் இருக்க வேண்டும். நான் ஒரு பங்கு தருகிறேன். ஃபேன் மாட்டித் தருவதும் என் வேலை.


மாலைவகுப்பு_அக்கா | ஜூன் 13, காலை 6.40

அம்மாவிடம் கேட்டேன். ஒரே ரூம் போதுமாம், தாழ்ப்பாள் மட்டும் நன்றாக இருக்க வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வண்ணாரப்பேட்டை மெட்ரோ வாசலில் சந்திப்போமா? அப்பாவையும் அழைத்துக்கொண்டு வருகிறேன், வீட்டை அவர் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். வழக்கறிஞர் அண்ணா, ஆதரவுத் தொகைக்கான மனுவை அதற்குள் எழுதித் தர முடியுமா?


வழக்கறிஞர்_எழும்பூர் | ஜூன் 13, காலை 7.05

முடியும். பிள்ளைகள் மூவரின் பள்ளியிலிருந்தும் படிக்கிறார்கள் என்று ஒரு சான்று மட்டும் வாங்கி வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன்.